நான்காவது கட்டம்

முதல் ஊர் சேலம் என்றாள்.
அடுத்தது நாமக்கல். யோசித்து, ஈரோடு.
நான்காவதைக் கேட்டதும்
கோகிலவாணி சிரித்தாள்:
‘அதுக்குமேல ஊர் தெரியாதுண்ணா.’

கட்டம் காலியாய் இருந்தால்
படிவம் நகராது.
வெளியே நாகலூர் பஸ் ஹாரன் அடித்தது.
பட்டியலில் விரல் நழுவி நின்ற ஊரை
நான்தான் போட்டேன்.

நேற்று நுழைவுச்சீட்டு வந்தது.
மூன்று ஊரையும் தாண்டி
எங்கோ இருக்கிற இயந்திரம்
என் அவசரத்தை
அவள் விருப்பம் என்று படித்திருக்கிறது.

இருபது கொண்டை ஊசி இறங்கி
ஜங்ஷனில் ராத்திரி வண்டி,
துணைக்கு அப்பா,
அவருக்கும் டிக்கெட்.
காப்பித் தோட்டத்துக் கூலிநாட்களில்
கணக்குப் போட்டாள்.

பிரிண்டுக்குப் பத்து ரூபாய் நீட்டினாள்.
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்கவில்லை.

‘கண்ணூர்ல கடல் இருக்குமாண்ணா?’

தேடிப் பார்த்தேன்.
இருந்தது.