வெந்நீர்

வில்யா தாம்பரேக்கு ரயிலேறியது ஞாயிற்றுக்கிழமை.
செவ்வாய் விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
பனியரங்க வாசலில் காரை நிறுத்திவிட்டு
"கையுறை எடுத்துக்கொண்டாயா?" என்கிறேன்
பின்னிருக்கையைப் பார்த்து.

அங்கே ஒற்றை ஷூ லேஸ்.

பதினாறு வருஷம்.
முதலில் ஆர்னி, பிறகு வில்யா.
நடுவில் மூன்று கார்கள், ஒரு விவாகரத்து.
ஈஸால்மியில் எந்தத் தெருவிளக்கு எப்போது அணையும் என்பது
என் வலதுகாலுக்கு அத்துப்படி.
அந்தக் காலிடம்தான்
யாரும் சொல்லவில்லை.

திரும்பிப் போயிருக்கலாம்.
வீட்டில் என்ன இருக்கிறது,
மூன்று பேருக்கு வாங்கிப் பழகிய ரொட்டி
ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு.
எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.
கண்ணாடியைத் தட்டினார் அரங்கத்துக் காவலர் ரெய்யோ.

இடுப்பெலும்பை மாற்றப்போகிறார்கள் அவருக்கு.
பனி மழிக்கும் வண்டியில் இனி ஏறி இறங்க முடியாதாம்.
"உன் பெண்தான் போய்விட்டாளே" என்றார்.
"தெரியும்."
"அப்போ சும்மாதானே இருக்கிறாய்."

இத்தனை வருஷத்தில்
இவ்வளவு நாசூக்கில்லாமல் யாரும் என்னிடம் பேசியதில்லை.
இவ்வளவு சரியாகவும்.

முதல் நாள் தடுப்புப் பலகையில் மோதினேன்.
இரண்டாம் நாளும்.
மூன்றாம் நாள் மோதாததைப் பார்க்க
யாரும் இல்லை.

பதினாறு வருஷம் படிக்கட்டில் உட்கார்ந்து
நான் பார்த்தது பனியை அல்ல,
பதினான்காம் எண் சட்டையை.
அது விழுந்ததா, எழுந்ததா,
யார் இடித்தது.
பனி என்று ஒன்று அடியில் இருந்திருக்கிறது
அத்தனை நாளும்.

இப்போது பார்க்கிறேன்.
கோல் கம்பத்தின் முன்னால் உழவு போட்டதுபோல் ஆழக் கீறல்கள்.
நடுவட்டத்தில் யாரோ அவசரமாய்த் திரும்பிய வளைவு.
இடது மூலையில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழுந்து
முழங்கால் அளவில் மங்கிய ஒரு தடம்.
யார் பெற்றதோ.
கத்தியை அரை மில்லிமீட்டர் இறக்கி
அந்தத் தடத்தின் மேல் மெதுவாகப் போகிறேன்.

வண்டித் தொட்டியில் இருப்பது ஐஸ் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன்.
இல்லை. அறுபது டிகிரி, கை வைத்தால் பொத்துப்போகும்.
"பச்சைத்தண்ணி விட்டால் மேலாகப் படியும்,
பொருக்குப்போல் பெயர்ந்துவிடும்" என்றார் ரெய்யோ.
"கொஞ்சம் உருகினால்தான்
பழசு புதுசைப் பிடித்துக்கொள்ளும்."
சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தி
கால்சட்டையில் துடைத்தார்.
தான் என்ன சொன்னோம் என்பது
இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மழித்த பனியைப் பின்வாசலில் கொட்டுகிறேன்.
எட்டு வயசுக்காரர்கள், கல்லூரி அணி,
புதன்கிழமை ராத்திரி தொந்தியோடு வரும் தச்சர்கள்,
எல்லார் கீறலும் ஒரே வெள்ளைக் குவியல்.
காக்கை ஒன்று அதன்மேல் நின்று
இதில் தின்ன ஒன்றுமில்லை என்று
ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடிக்கிறது.

நவம்பரில் வில்யா கூப்பிட்டாள்.
"அம்மா, ராத்திரியில் தனியாக என்னதான் செய்கிறாய்?"
குரலில் பெரிய மனுஷித்தனம்,
நான் அழுதால் ஏந்திக்கொள்ளத் தயாராக.
"இரு, அடுத்த டீம் காத்திருக்கிறது,
ஒன்பது நிமிஷம்தான் எனக்கு"
என்று நானே முதலில் வைத்தேன்.
வைத்த பிறகுதான் உறைத்தது.
வண்டியில் ஏறும்போது சிரித்துக்கொண்டிருந்தேனாம்,
கேட் திறக்கும் பையன் சொன்னான்.

கடைசி ஆட்டம் முடிந்து எல்லாரும் போனபின்
இன்னொரு சுற்று இருக்கிறது.
ராத்திரி பத்தரை.
ஈரம் ஆவியாய்க் கொஞ்சம் எழும்பி அடங்குகிறது,
விளக்குகள் தலைகீழாய் உள்ளே இறங்குகின்றன.
விடிகாலை ஆறு மணி வரை
யாருக்கும் தேவைப்படாத பளபளப்பு.

அரங்கின் விளிம்பில் நின்று
ஒரு தடவை முழுக்கப் பார்க்கிறேன்.
பிறகு
வலது மூலையில் ஒரு கோடு விட்டுப்போயிருப்பது தெரிந்து
முணுமுணுத்துக்கொண்டே
மறுபடி வண்டியில் ஏறுகிறேன்.