பாசி

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கரையோரம் முடங்கிக் கிடக்க
கண்ணாடிப் படகு ஓட்டும் எனக்குத்தான்
மே மாதம் மூச்சுவிட நேரமிருக்காது.
இந்த வருஷம் இன்ஜின் மக்கர்.
மதுரையிலிருந்து சாமான் வர நாலு நாள்.
"மலைக்குப் போவோம்" என்றாள் ரொசாரி,
முப்பத்தெட்டு வயதுவரை
மலையைப் பார்க்காதவள்.

மச்சானின் கார். மகள் பெனிட்டா எடுத்த இ-பாஸ்.
சோதனைச் சாவடியில் தண்ணீர் பாட்டில் இரண்டுக்கு
நாற்பது ரூபாய் பசுமை வரி.
ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்
பட்டா வாங்கினவன் மாதிரி.
காமக்காபட்டியில் பிடித்த வண்டி வரிசை
பெருமாள்மலை தாண்டியும் விடவில்லை.
மூன்றரை மணி நேரம் முன்னால் நின்ற வேனில்
வளைவுக்கு ஒரு தலை
ஜன்னலுக்கு வெளியே எட்டி வாந்தியெடுத்தது.

வட்டக்கானலில் இறங்கினால்
'டால்பின் மூக்கு' என்று அம்புக்குறி.
சிரித்துவிட்டேன்.
"நம்மூரில் இதை ஓங்கல் என்போம்."
"ஓங்கல்னா மலைன்னு
எங்க தமிழ்ப் புத்தகத்தில் இருக்குப்பா."
அதற்குமேல் நான் பேசவில்லை.

பாதை முழுக்க வேர்கள்
தோலுரிந்து, வழுவழுத்து.
ஆயிரம் செருப்பு தேய்த்த பளபளப்பு.
பிரெட் ஆம்லெட், சோளக்கதிர்,
மழைக்கோட்டு வாடகைக்கு.
பாறை நுனியில் படமெடுக்க வரிசை,
நாற்பதாவதாக நாங்கள்.
எங்கள் முறை வந்தபோது
மஞ்சு வந்து எல்லாவற்றையும் மூடியது.

"ஒண்ணுமே தெரியல, காசு தண்டம்"
என்றது ஒரு குரல்.
என் குரல்தான்.
கலங்கல் நாளில் என் படகில் ஏறுபவர்கள்
இதே ராகத்தில் சொல்வார்கள்.
"கடல் என்ன டிவியா சார்,
பட்டன் அமுக்கினா படம் தெரிய?" என்பேன்.
எட்டு வருஷமாய், நாளைக்கு ஆறு தடவை:
இறங்காதீங்க, மிதிக்காதீங்க,
அது கல்லில்லை, உயிர்.

திரும்பும் வழியில் ஒரு மரம்,
கூட்டத்தின் கைபடாத பக்கம்
கையகலப் பாசி.
ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு துளி.
நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன்.
வெந்த தோசை மாதிரி
முழுசாய் எழும்பி வந்தது.
அதன் கீழே இருந்த மரப்பட்டை
வெளுத்து, ஈரமாய்,
கட்டுப் பிரித்த கையைப்போல் இருந்தது.

ரொசாரி பார்த்துக்கொண்டிருந்தாள்.
கல்யாணத்துக்கு முன் அவளும் பாசி எடுத்தவள்.
விரலுக்குத் துணி சுற்றி,
தீவோரக் கடலில் மூச்சடக்கி,
கூலிக்கு வேறு வழியில்லாமல்.
பூங்காக்காரர்கள் ஒருநாள்
அவள் மூட்டையைப் பறித்துக் கொட்டினார்கள்.
"நாங்க எடுத்தா திருட்டு,
இவன் ஏத்திட்டு வர்ற கும்பல் மிதிச்சா டூரா?"
கைநீட்டிக் கத்தினாள்.
விரல் நீண்டது
இருபது பேரோடு படகில் நின்ற என்னை நோக்கி.
அப்படித்தான் முதலில் பார்த்தோம்.

லாட்ஜில் ஒரு வாளி வெந்நீர் அறுபது ரூபாய்.
"லாரி இன்னும் வரலண்ணே" என்றான்
பூம்பாறைப் பையன் வேலப்பன்.
"நீங்கெல்லாம் குளிக்க என்ன செய்வீங்க?"
"மே மாசமா? ஜூன்ல குளிப்போம்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நான் அந்த வாளியில் பாதியை
கால் சேறு கழுவவே ஊற்றினேன்.

பத்து மணிக்குமேல் பனி விலகியது.
ஜன்னலில் ஆழத்தில் பெரியகுளம் பக்க விளக்குகள்,
இரவில் கணவாய் மீன் வலையில் மினுங்குவதுபோல.
"காசு கொடுக்காம பார்க்கிறோம்" என்றாள் பெனிட்டா,
தூங்கிப்போனாள்.

ரொசாரி மட்டும் விழித்திருந்தாள்.
திரும்பாமலே கேட்டாள்:
"பைக்குள்ள வச்சிருக்கியே,
அதுக்கு ரசீது இருக்கா?"

கைவிட்டுப் பார்த்தேன்.
இருந்தது.
நனைந்து, மை கலங்கி,
எது தாள் எது பாசி என்று
பிரிக்க வரவில்லை.