வெளியீட்டுக்கு எட்டு நாள்

யோங்சான் சந்தையின் மூன்றாம் மாடியில்
பாதி ஷட்டர்கள் இறங்கியே கிடக்கின்றன.
மீதியில் ஒன்று என்னுடையது.
கண்ணாடி அலமாரிக்குள் இருபத்தாறு கிராபிக்ஸ் கார்டுகள்,
எல்லாம் வேறு வீடுகளில் ஓடிக் களைத்தவை.

இன்னும் பிறக்காத ஒன்றுக்கு
ஊரே எடை போட்டுக்கொண்டிருக்கிறது.
இத்தனை வாட் தின்னுமாம்.
சாதாரணப் பெட்டிக்குள் அடங்காதாம்.
மூன்று விசிறியாம், இல்லை நான்காம்.
யாரோ ஒருவன் தொழிற்சாலையில்
அதன் வெறும் பலகையைப் படம் எடுத்துவிட்டானாம்.
படம் மங்கல்.
மங்கலாக இருப்பதாலேயே எல்லோரும் நம்புகிறார்கள்.

எதிர்க்கடை நாம்குங்
சுவரில் கோடு கிழித்து நாள் எண்ணுகிறான்.
அவனிடம் முன்பதிவு அறுபது.
நானும் எண்ணுகிறேன்.
அவன் சம்பள நாளை எண்ணுவதுபோல,
நான் வட்டி நாளை எண்ணுவதுபோல.

புதியது மேடையேறும் இரவில்
என் இருபத்தாறும் ஒரே மூச்சில்
கால்வாசி விலை இழக்கும்.
ஒரு திருகு தளராமல்,
ஒரு துளி தூசி கூடாமல்.
நேற்றைய வேகத்தில்தான் நாளையும் ஓடும்,
ஆனாலும் விடியும்போது கிழடு.

நேற்று பியோ வந்தார்,
மாபோவில் கணினி விளையாட்டுக் கூடம் வைத்திருப்பவர்.
நூடுல்ஸ் அட்டைப்பெட்டிகளில் நாற்பது கார்டுகள்,
சிகரெட்டும் வறுத்த கோழியும் மணக்க மணக்க.
"மொத்தமாக எடுத்துக்கொள்" என்றார்.
அவருக்குத் தேதி தெரியும்.
எனக்கும் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.
பொடிக் காபி குடித்தோம்.
அவருடைய பல் வைத்தியச் செலவைப் பற்றிப் பேசினோம்.
பிறகு பெட்டிகளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு
லிஃப்ட் ஓடாத மூன்று மாடி இறங்கினார்.
நாலாவது நடைக்கு நானும் ஒரு கை பிடித்தேன்.

தோ யுன்சோல் சனிக்கிழமைதோறும் வருவாள்.
கட்டடக் கலை, கடைசி ஆண்டு.
மேல்தட்டில் இரண்டாவது கார்டு;
விலை கேட்பாள், தலையாட்டுவாள், போய்விடுவாள்.
கெட்டிக்காரி என்று நினைத்திருந்தேன்,
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
விலை வழுக்கும் நாளுக்குக் காத்திருக்கிறாள் என்று.

இன்று புதன்கிழமை. வந்தாள்.
உறை நிறைய ஆயிரம் வோன் நோட்டுகள்,
அவள் வேலை பார்க்கும் உணவுக்கடையின் எண்ணெய்க் கறையோடு.
"கொடுங்கள்."

வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது:
"எட்டு நாள் பொறு.
இதே பொருள் கால்வாசி குறையும்."
பதினெட்டு வருடத்தில்
எந்த வாடிக்கையாளரிடமும் சொல்லாத வாக்கியம்.
எதிர்க்கடையில் நாம்குங் இருமினான்.

"தெரியும்" என்றாள்.
"திங்கள் காலை ஒன்பது மணிக்கு
என் நூலகத்தை ஒப்படைக்க வேண்டும்.
இப்போதிருக்கும் கார்டில்
ஒரு படம் முடியப் பதினோரு மணி நேரம்.
மேற்குச் சுவரில் மட்டும்தான் வெயில் விழுந்திருக்கிறது.
படிக்கிற அறை இன்னும் இருட்டு."

கார்டைக் கழற்றினேன்.
துடுப்புகளுக்கு நடுவே தூசி ஊதி,
காய்ந்த பசையைச் சுரண்டி, புதுப்பசை தடவி,
சோதனைக் கணினியில் செருகினேன்.
அரை மணி நேரம் இருவரும் நின்று
திரையில் சுழலும் கற்களையே பார்த்தோம்.
எழுபத்தொரு டிகிரி. தாண்டவில்லை.

கால்வாசி குறைத்தேனா என்றால், இல்லை.
பத்தில் ஒன்று குறைத்தேன்.
வாடகை இருக்கிறது.
கார்டைக் கம்பளிக் கழுத்துத்துணியில் சுற்றிக்கொண்டு
கழுத்து தெரிய, பனிக்குள் போனாள்.

இருபத்தைந்து.

நாம்குங் இன்னொரு கோடு கிழித்துவிட்டு
விளக்கை அணைத்தான்.
நான் ஷட்டரைப் பாதி இறக்கி
உள்ளே உட்கார்ந்துகொண்டேன்.
மறைப்பானேன்,
அந்த மங்கலான படத்தைப்
போனில் விரல்களால் விரித்துப் பார்த்தேன்.
நடுச்சில்லைச் சுற்றி எத்தனை நினைவகச் சில்லுகள்
என்று எண்ணினேன்.
ஒவ்வொரு தடவையும்
வேறு எண் வந்தது.