வாளியால் மொண்டது

சென்றாயனுக்கு அப்போது சளி.
மூக்கடைத்து மூன்று நாள்.
மீன்படகில் படுத்துக்கொண்டு
மீன் நாற்றமே இல்லையென்று சந்தோஷப்பட்டான்.

எனக்குத்தான் வந்தது.
விடியலுக்கு முன், மடித்த வலைக்கு அடியிலிருந்து
அழுகிய வெங்காயம் போல ஒன்று.
நாகமரைத் துறையை விட்டு
வெகுதூரம் தள்ளி நின்றிருந்தோம்.
தண்ணீர் அசையவில்லை. காற்றும்.

அவன் உதட்டில் பீடி ஏறிவிட்டது.
தீப்பெட்டியைத் தட்டிவிட்டேன்,
போய் அணைத் தண்ணீரில் விழுந்தது.
"ஏய்!"
"டார்ச்ச அமுக்காத. மோட்டார் கயித்தத் தொடாத.
பேசாம நில்லு."

அஞ்சு கிலோ சிலிண்டர்.
டீக்கும் களிக்கும் போதுமென்று
பென்னாகரத்தில் வாங்கியது.
தடவிப் போய் ரெகுலேட்டரைத் திருப்பினேன்.
அடைபட்டது, இனி வருவது.
வந்தது?

வீடென்றால் கதவைத் திறக்கலாம்,
படியிறங்கித் தெருவுக்குப் போய்விடும்.
படகுக்கு ஏது வாசல்?
இந்த வாயு காற்றைவிடக் கனம்.
எழும்பாது. பள்ளம் தேடிப் படுத்துக்கொள்ளும்.
தண்ணீரை உள்ளே விடக்கூடாதென்று
பார்த்துப் பார்த்துத் தார் பூசிய பலகை
இதை வெளியே விடாமல்
அதே அக்கறையோடு பிடித்து வைத்திருந்தது.

ஓட்டை விழுந்து தண்ணீர் வந்தால் கால் நனையும்.
அணை வற்றினால் பண்ணவாடிப் பக்கம்
நந்தி தலையை நீட்டி
இவ்வளவு குறைந்தது என்று காட்டும்.
இது எதுவும் காட்டாது.
கணுக்கால் வரையா, முட்டி வரையா,
எதில் நின்றுகொண்டிருக்கிறோம்?

பிளாஸ்டிக் வாளியை எடுத்தேன்.
தகரவாளி ஆணித் தலையில் உரசும், வேண்டாம்.
அடிப்பலகை வரை இறக்கி
மெதுவாக மொண்டு
விளிம்புக்கு மேலே தூக்கி
வெளியே கவிழ்த்தேன்.
ஒன்றும் விழவில்லை.
மறுபடி மொண்டேன்.
கொஞ்சநேரம் வெறித்துப் பார்த்தவன்
ஐஸ் அள்ளும் டப்பாவோடு எதிரே குனிந்தான்.

பரிசலில் போன ஓட்டனூர்க்காரர்
துடுப்பை நிறுத்திவிட்டார்.
"ஏம்மா, படகுல தண்ணியே காணோம், எதை எறைக்கிறீங்க?"
"கையில பீடி இருந்தா
அந்தாண்ட போயிடுங்கண்ணா."
போகும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

நூற்றுப் பன்னிரண்டு வாளி. எண்ணியது அவன்.
அப்புறம் ஒகேனக்கல் பக்கமிருந்து காற்று எழும்பியது.
அதையும் நம்பாமல் இன்னும் இருபது.

வெளிச்சம் வந்தபின்
ஷாம்பூப் பொட்டலத்தைக் கிழித்து, நுரைத்து,
வால்விலிருந்து அடுப்பு வரை தடவினேன்.
நங்கூரக் கயிறு உராயும் இடத்தில்
டியூபின் மேல் கொப்புளம் வந்தது,
உடைந்தது, வந்தது,
தூங்கும் குழந்தையின் வாயில் எச்சில் போல.
டியூபில் அச்சடித்த வருஷம் எப்போதோ முடிந்திருந்தது.
மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று
இரண்டு தீபாவளியாகச் சொன்னது நான்.
வாங்க வேண்டியதும் நான்தான்.

இப்போது சிலிண்டருக்குப் பின்பக்கம் தனிப்பெட்டி.
பெட்டியின் அடியிலிருந்து படகின் பக்கவாட்டுக்கு,
தண்ணீர் மட்டத்துக்கு மேலே
இரண்டு விரல் நுழையும் ஓட்டை.
கசிந்தால் அதுவே வழிந்து வெளியே போகட்டும்.
"படகுல எவனாவது காசு குடுத்து ஓட்டை போடுவானா?"
ஏரியூர்ப் பட்டறையில் சிரித்தார்கள்.
சென்றாயனும் சேர்ந்து சிரித்தான்.
துளைக்கும்போது மட்டும்
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சமைத்து முடித்தால் அடுப்பை அணைப்பதில்லை.
சிலிண்டரை மூடுகிறேன்.
டியூபில் மீந்ததைத் தின்றுவிட்டு
நீலம் சுருங்கித் தானே அவிகிறது.
அதுவரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவனுக்குச் சளி போய் மாதமாகிறது.
இருந்தும் காலையில் தீப்பெட்டியை
மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு கேட்கிறான்:
"ஏதாச்சும் வருதா?"
முழங்காலிட்டு, அடிப்பலகையில் மூக்கை வைத்து
மெதுவாக இழுக்கிறேன்.
தார். ஈரக்கயிறு. நேற்றைய கெளுத்தி.
இன்னொரு முறை இழுக்கிறேன்.
"கொளுத்து."