சட்டம் போடத் தந்த படம்

வெள்ளவத்தையில், ஸ்டேஷனுக்கு இறங்கும் ஒழுங்கையில்
எங்கள் கண்ணாடிக் கடை.
செவ்வாய்க்கிழமை வந்த பென்சில் படம்
வெட்டுமேசையில் கிடக்கிறது.
துண்டில் பெயர் சாம்பவி. முற்பணம் ஐந்நூறு.

நூதனசாலையில் நிற்கிற வெண்கல அம்மன்தான்,
பொலன்னறுவையில் கிண்டி எடுத்தது.
இடுப்பு ஒரு பக்கம் சாய
ஒரு கை பசுவின் வால்போலத் தொங்க
மற்றக் கை பூப் பிடிக்கிற மாதிரி மடங்கி.
பூ இல்லை.

போன் பிடிச்சிருந்திருக்கும், அழிச்சிட்டா
என்றான் இல்ஹாம்.
கணக்கெழுதுகிற குசும் அக்கா
மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள்:
ஊசியில் நூல் கோர்க்கிறாள்,
கண் தாழ்ந்திருக்கு, தெரியேல்லையா?

எனக்கு அவள்
ஐந்தரை மணி நூறாம் நம்பர் பஸ்ஸில்
ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்கிறவள்.
காசு கொடுத்தாயிற்று.
மிச்சத்துக்காக விரல்கள்
இன்னும் மூடவில்லை.

ரியூப் லைற்றுக்குக் கீழே சரித்துப் பிடித்தேன்.
அழித்த கோடுகள் எழும்பி வந்தன.
முதல் இடுப்பு இன்னும் கீழே.
முதல் முழங்கை உடம்போடு ஒட்டி.
உள்ளங்கை இருக்கிற இடத்தில்
தாள் மயிர்விட்டு, மெலிந்து,
பின்னால் என் விரல் நிழலாடியது.

வார்த்தவனுக்கு இந்தத் தொல்லை இல்லை,
அவன் பிழைகள் மெழுகோடு ஓடிப்போயின.
எந்தக் கையை எத்தனை தரம் வளைத்தான் என்று
வெண்கலத்திடம் கேட்க ஏலாது.
இவளுடையதெல்லாம் இங்கேயே கிடக்கிறது.
எண்ணிப் பார்த்தேன், ஏழு கையாவது.

சனிக்கிழமை வந்தாள். கேட்டுவிட்டேன்.

"அது முடியேல்லை அண்ணா.
நாலு நாள் போனனான்.
அந்தக் கையில வரேக்க
காவலாளி லைற்றை நூர்த்திடுவார்."

இல்ஹாம் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
அவன் போன் மட்டும் சரியாமோ?

"முடியாட்டில் ஏன் பிள்ளை சட்டம்?"

"போடாட்டில் திரும்பவும் அழிப்பன்."

கறுப்புச் சட்டம், இரண்டு மில்லிமீற்றர் கண்ணாடி.
ஆணி இறுக்கி நிமிர்த்தினபிறகுதான் கண்டேன்:
உள்ளே, கால்விரலுக்குப் பக்கத்தில்
ஊத்தையாய் ஒரு அழிறப்பர்த் தூள்.
கழற்றட்டுமா என்றேன்.
குனிந்து பார்த்தாள்,
கனநேரம் பார்த்தாள்.

"இருக்கட்டும்."

இரண்டாயிரம் ரூபாய்த் தாளை நீட்டினாள்.
லாச்சியைத் திறந்து
மிச்சம் முந்நூறை
அந்தக் கையில் வைத்தேன்.