பெருவிரல் துடிக்கும் எண்

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, எட்டாம் அறை.
காந்தச் சுருளை இடப்பக்க மண்டையில் பிடித்தால்
வலக்கைப் பெருவிரல் துடிக்கவேணும்.
எத்தனை வீதத்தில் துடிக்கிறதோ
அதுதான் அந்த ஆளின் எல்லை.

கையேட்டில் வெள்ளையருக்கொரு சராசரி,
சீனருக்கொன்று.
நாங்கள் ‘ஏனையோர்’ பெட்டிக்குள்.
மண்டையோட்டின் தடிப்பு, வயது,
முதல்நாள் நித்திரை
எல்லாம் எண்ணை மாற்றுமாம்.
நித்திரை எப்படியெண்டு கேட்டால்
சிரிக்கினம்.

முரசுமோட்டை அற்புதமலருக்கு ஐம்பத்தெட்டு.
கொண்டையை அவிழ்த்த பிறகு ஐம்பத்தொன்று.
“அப்ப ஏழு என்ரை தலைமயிருக்கோ?”
அதையும் குறிப்பில் எழுதினேன்.

மாங்குளத்து நகுலசிங்கத்துக்கு
எண்பதிலும் அசையவில்லை.
“இண்டைக்கு வயல் இல்லையெண்டு
விளங்கிப்போச்சு இதுக்கு”
விரலைத் தட்டிப் பார்த்தார்.

பதினோராம் கேள்வி:
தலையில் உலோகம் உண்டா?

முப்பத்தாறு பேர் அந்தக் கேள்வியோடு
கதிரையை விட்டு எழும்பினார்கள்.
காதுக்குப் பின்னால். புருவத்துக்கு மேலே.
ஒரு பெண் என் விரலைப் பிடித்து
உச்சிக்குக் கிட்ட வைத்தாள்,
கடலையளவு.
காந்தத்துக்குப் பக்கத்தில் விடக்கூடாது.

கொழும்பிலிருந்து கேட்டிருந்தார்கள்:
வன்னி மக்களின் சராசரி என்ன?
ஐம்பத்தைந்து என்று அனுப்பிவிட்டேன்.
அனுப்பிய பிறகுதான்
யாருடைய ஐம்பத்தைந்து என்று யோசித்தேன்.

முப்பத்தாறு பேருக்கும்
பஸ் காசு கொடுக்கச் சொல்லி விதி.
வரிசையில் நின்று ஒப்பமிட்டார்கள்.
கடலையளவுக்காரி கைநாட்டு.
மைப்பெட்டியில் தோய்த்து, உருட்டி,
தாளில் அமத்தினாள்.

எந்த வீதமும் இல்லாமல்
அசைந்தது பெருவிரல்.