தூண்டில், சீப்பு, துடுப்பு

சென்னையிலிருந்து வந்தவன் கேட்டது பெட்டியை அல்ல,
உள்ளே இருக்கிற பச்சைப் பலகையை.
"பெட்டி உங்களுக்கே இருக்கட்டும், மேடம்."
உப்பு தின்ற தகரமும்
கறையான் மிச்சம் வைத்த மரமும் எனக்கு.

தொண்ணூற்று நாலில்
துபாய் பழைய சாமான் யார்டிலிருந்து
தூத்துக்குடி வழியாகக் கீழக்கரைக்கு வந்து இறங்கியது.
ஒற்றை ஷட்டர். நெய்னா வீடியோ கேம்ஸ்.
ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்.
ஜப்பான் காசுக்கு வெட்டிய வாய்
நம் ரூபாயை விழுங்க மறுத்தது.
ராமநாதபுரம் லேத்தில் வாப்பா
பித்தளை வில்லை அடித்து வந்தார், எழுநூறு.
மாதக் கடைசியில் எண்ணினால் எழுநூற்றுப் பதினெட்டு.
பதினெட்டும் வள்ளத்து எஞ்சின் வாஷர்.
களஞ்சியத்தைப் பிடித்துக் கேட்டால்
"எங்க அப்பா எஞ்சின்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு,
வேணும்னா கடலுக்குப் போய் எண்ணிக்குங்க" என்றான்.

திரையில் ஓடிய எழுத்து எவனுக்கும் தெரியாது.
தோற்றதும் சிவப்பில் மின்னும் வரியை
"உங்க உம்மா கூப்புடுறா" என்று வாசித்தார்கள்.
அதுதான் அர்த்தம் என்று
நானும் வெகுநாள் நம்பினேன்.

எனக்கு அங்கே வேலை கிடையாது.
பெண் பிள்ளைகள் அந்த ஷட்டரைத் தாண்டித்தான் நடக்க வேண்டும்,
திரும்பிப் பார்க்காமல்.
வெள்ளிக்கிழமை மட்டும்
பாங்கு கேட்டதும் தெரு காலியாகும்.
பாதி இறக்கிய ஷட்டருக்குள்
வாப்பாவின் சோற்றுத் தூக்கோடு குனிந்து நுழைவேன்.
பயான், குத்பா, தொழுகை:
எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம்.
சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு
ஒரே வில்லையில் நாற்பதையும் ஆடினேன்.

ஜெயித்தால் மூன்று எழுத்து கேட்கும்.
வரிசை வரிசையாய்ப் புரியாத கோடுகள்.
தூண்டில் முள் மாதிரி ஒன்று,
பல் உடைந்த சீப்பு மாதிரி ஒன்று,
சாய்த்து வைத்த துடுப்பு மாதிரி ஒன்று.
அழுத்திவிட்டு வெளியே வந்தால்
முக்காட்டுக்குள் காது சுடும்.

கிதுரு முகம்மது தொப்பியைக் கழற்றாமல் ஓடிவருவான்.
முதலிடத்தில் அந்த மூன்று.
"ஜப்பான்காரன் உள்ளேயே குடியிருக்கான்டா."
சனிக்கிழமை கரண்ட் போகும், ஜப்பான்காரனும் போவான்.
அடுத்த வெள்ளி திரும்ப வருவான்.
"அவனுக்கும் நம்ம மாதிரி வெள்ளிதான் லீவு போல."

எப்போது மூடினீர்கள் என்று கேட்டான் சென்னைக்காரன்.
தேதி என்று ஒன்று இல்லை.
வீட்டு டிவியில் செருகுகிற கேசட் வந்தது.
கிதுருவுக்கு விசா வந்தது.
கொஞ்ச நாள் திறக்கவில்லை,
பிறகு பூட்டுக்குள் சாவி திரும்பவில்லை.
வாப்பா உடைக்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பின்பக்கக் கதவைத் திருகிக் கழற்றினான்.
உள்ளே ஒட்டியிருந்த தாள்.
வாரண்டிச் சீட்டு என்று வாப்பா அதை
லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார்.
கைப்பேசியைக்கூட எடுக்காமல் அவனே படித்தான்.
நாலு வருஷம் நகோயாவில் வேலை பார்த்தவனாம்.
"இந்த மாதம் முப்பத்தொன்றோடு கடை மூடப்படுகிறது.
இதுவரை விளையாட வந்த எல்லோருக்கும் நன்றி."
அப்படியானால்
ஒரு கடை மூடிய சேதியை
நெஞ்சில் ஒட்டிக்கொண்டுதான்
எங்கள் கடை திறந்ததா?
வாப்பா இருந்தால் சிரித்திருப்பார்.
மூடுகிறவன் நன்றி சொல்லிவிட்டா மூடுவான்
என்று கொஞ்சம் வெட்கமும் பட்டிருப்பார்.

"ஓடுதான்னு பார்த்துடலாமா?"
பக்கத்து வீட்டிலிருந்து வயர் இழுத்தோம்.
பச்சையாய் நடுங்கி எழுந்து நின்றது திரை.
அவன் ஆடினான். சீக்கிரமே உம்மா கூப்பிட்டாள்.
"நீங்க ஒரு தடவை?"
வேண்டாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அவன் எதுவும் பேசவில்லை.
எழுத்து கேட்டது.
விரலுக்கு வழி மறக்கவில்லை.

"ரே... யோ... நோ..."
எழுத்துக் கூட்டினான், நெற்றியைச் சுருக்கினான்.
"இதுக்கு அர்த்தம் எதுவும் இல்லையே, மேடம்."
ஆமாம் என்றேன்.

வயரைப் பிடுங்கினான்.
ஐநூறு ரூபாய்த் தாள்கள், எழுபது.
ஒன்றில் ஓரம் கிழிந்திருந்தது,
மாற்றித் தரச் சொன்னேன்.